பழுது பார்த்த காலம்

முற்றிலும் செத்துப்போன கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பது அவ்வளவு கடினமான காரியமன்று. விசையைத் தட்டியும் அசைவே இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டியவை சொற்பம்; மின்சாரம் எங்கே நின்றுபோயிற்று என்று பின்தொடர்ந்து சென்றால் பெரும்பாலும் குற்றவாளி அகப்பட்டுவிடும். ஆனால் விசிறி சுழன்று, முகப்பிலே பச்சை விளக்கு எரிந்து, உள்ளே ஹார்ட் டிஸ்க் மெல்ல முனகிய பின்னும் திரை இருண்டே கிடக்கிறதே, அந்த நிலைமைதான் மனிதனுடைய பொறுமையையும் புத்தியையும் ஒருங்கே சோதிப்பது. ஏனெனில் அப்போது பிராஸசர், மெமரி, டிஸ்ப்ளே கார்டு, பயாஸ் சிப், பவர் சப்ளை, இவை அனைத்தையும் தாங்கி நிற்கும் மதர்போர்டு ஆகிய எல்லாமே ஏககாலத்தில் சந்தேகத்துக்கு உள்ளாகின்றன; அவற்றில் எதுவும் தன் குற்றத்தைத் தானாக ஒப்புக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட யந்திரங்களின் முன்னால் உட்கார்ந்து நான் பெற்ற அறிவு, சிங்கப்பூரில் நான் படித்த மற்றெந்தப் படிப்பையும்விட எனக்கு அதிகமாகப் பயன்பட்டிருக்கிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், டன்லப் ஸ்திரீட்டை ஒட்டிய ஒரு சந்தில், பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்த சிறியதொரு தமிழ் அச்சகத்தில் பக்கம் அமைக்கும் உத்தியோகத்தில் இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கருமாதி அறிவிப்பு, தைப்பூசத்துக்கும் தீமிதிக்குமான நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று, தேக்கா வட்டாரத்துக்கு வந்துபோகும் தமிழ்க் குடும்பங்களின் நல்லதும் பொல்லாததும் அச்சேறுமுன் அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், சிராங்கூன் சாலை முழுவதும் விளக்கு அலங்காரத்தில் ஜொலிக்க, கேம்பல் லேன் கடைகளில் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு சாமான் வாங்க, நாங்கள் மட்டும் அந்தப் பெட்டியைச் சுற்றி நின்று, அது எழுமோ எழாதோ என்று தவித்துக்கொண்டிருந்த இரவுகள் உண்டு.

வேறொன்று வாங்கி வைத்துக்கொள்வதுதானே என்று இன்றைய வாசகர் கேட்கக்கூடும். முதலாளியின் கைவசமிருந்த மூலதனம் ஒருபுறமிருக்க, அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்களின் நிலைமை அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை. ஒன்றில் தட்டிய கல்யாணப் பத்திரிகை மற்றொன்றில் திறந்தால் அர்த்தமற்ற அடையாளக் கூட்டமாக நிற்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டே 1997 மே மாதத்தில் தமிழ்நெட் மாநாடு இந்தச் சிங்கப்பூரில் கூடியது. எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி அதற்கு முன்நின்று உழைத்தார். 2000 ஜூலையில் மீண்டும் இங்கே கூடிய மாநாட்டையொட்டித்தான் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. யூனிகோடு பரவி அவர்களுடைய பிரயத்தனம் எங்கள் சந்துவரை வந்து பலன் கொடுக்கும்வரையில், எங்கள் பக்கங்களெல்லாம் அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கோடும், பிரிண்டர் செருகும் இடத்தில் பூட்டுப்போல் மாட்டிவைத்த டாங்கிளோடும் பிணைந்து கிடந்தன. ஆகையால் யந்திரம் படுத்துவிட்டால் அதையேதான் எழுப்ப வேண்டும்.

எழுப்புவதற்கு வேண்டிய சகலமும் நடந்து போகும் தூரத்திலேயே இருந்தன. டன்லப் ஸ்திரீட்டின் கோடியில் ஜாலான் புசாருக்கு வந்து திரும்பி நடந்தால், சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தை. அதைத் தாண்டினால் சிம் லிம் டவரும், எதிரே ரோச்சோர் கால்வாய்ச் சாலையில் 1987 இல் எழுந்த சிம் லிம் ஸ்குவேரும். ஸ்குவேரில் மாடிக்கு மாடி அடுக்கியிருந்த கடைகளின் வாசலில், அன்றைய விலைகளைப் பொடி எழுத்தில் அச்சிட்ட தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கும். ஜனங்கள் அவற்றைக் கைநிறைய எடுத்துக்கொண்டு, பிராஸசருக்கு ஐந்து வெள்ளி இங்கே குறைவா அங்கே குறைவா என்று மின்படியில் ஏறி இறங்குவார்கள். புதிது வாங்குவோருக்கு ஸ்குவேர். பழையதை வைத்து மாரடிப்போருக்கு டவர். ரெஸிஸ்டர், கபாஸிட்டர், வயர், ஈயம், ரேடியோப் பெட்டிகளின் உறுப்புகள் முதலியவற்றைச் சின்னச் சின்ன இழுப்பறைகளில் நிரப்பி வைத்திருந்த சீனக் கடைக்காரர்கள், ஒரே ஒரு டிரான்ஸிஸ்டர் கேட்டு வந்தவனையும் அலட்சியம் செய்யாமல், அதன் எண்ணைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து, அந்த இழுப்பறையைத் தேடித் திறப்பார்கள்.

அந்த டவரின் மாடியில், ஒரு மேசையும் ஒரு முக்காலியும் மட்டுமே கொள்ளும் இடத்தில் உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் 'அண்ணன்' என்றே அழைத்தோம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வாலிபத்தில் கப்பலேறி வந்தவர்; கப்பல் பட்டறையில் மின்சார வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் இந்தத் தொழிலுக்கு வந்தவர். யந்திரத்தைக் கொண்டுபோய் வைத்தால் உடனே திருப்புளியை எடுக்கமாட்டார். கடைசியாக எப்போது ஓடிற்று, அதன்பின் என்ன மாற்றினீர்கள், இடி இடித்ததா, பெட்டியை நகர்த்தினீர்களா என்று விசாரிப்பார். "மிஷின் பொய் சொல்லாது தம்பி. கொண்டாற ஆளுதான் பாதிய மறைப்பான்" என்பது அவருடைய ஸ்தாபிதமான அபிப்பிராயம்.

அவர் எனக்கு முதலில் கற்பித்தது, யந்திரம் எழும் கிரமம். விசையைத் தட்டியதும் பிராஸசர் வேலை தொடங்கிவிடுவதில்லை. பவர் சப்ளை தன்னுடைய மின்னழுத்தங்களெல்லாம் நிலைகொண்டதும், 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள், சாம்பல் நிற வயரின் வழியே 'எல்லாம் சரி' என்னும் சமிக்ஞை அனுப்ப வேண்டும். அது வந்த பிறகே பிராஸசர் விடுவிக்கப்படும். விடுபட்ட பிராஸசர் பயாஸ் சிப்பிலிருந்து முதல் கட்டளையைப் படிக்கும். பயாஸ் மெமரியைச் சோதிக்கும். பிறகே டிஸ்ப்ளே கார்டு விழிக்கும். அதற்கும் அப்பால்தான் திரையில் எழுத்து. ஆகவே இருண்ட திரையைக் கண்டு திரையைச் சந்தேகிப்பவன், வரிசையின் கடைசியில் நிற்பவனைப் பிடித்து முதலில் நிற்பவனுடைய குற்றத்துக்கு அடிக்கிறான். இந்தக் கிரமம் மனத்தில் பதிந்துவிட்டால், யந்திரம் எந்தப் படிவரை ஏறி வந்து நின்றது என்பதுதான் கேள்வி. பழுதின் இருப்பிடம் அதற்கு அடுத்த படி.

இரண்டாவது பாடம், கழித்தல். சாதாரணமாக ஜனங்கள் செய்வது இதற்கு நேர்விரோதமானது: மெமரியை மாற்றுவார்கள், கூடவே கேபிளையும் மாற்றுவார்கள், அந்த வேகத்திலேயே பயாஸையும் அழிப்பார்கள், தற்செயலாக யந்திரம் எழுந்துவிட்டால் எதனால் எழுந்தது என்று யாருக்கும் தெரியாது, அடுத்த வாரம் மீண்டும் படுத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அண்ணனோ முதலில் பிளக்கைப் பிடுங்குவார். 1995 இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் முறைப்படி, விசையை அணைத்திருந்தாலும் ஊதா வயரில் 5 வோல்ட் எப்போதும் காத்துக்கொண்டிருக்கும் என்பதால், பிளக்கைப் பிடுங்காமல் உள்ளே கைவைப்பவரை அவர் மேசையருகே நிற்கவிடமாட்டார். பிறகு பவர் சப்ளையைத் தனியே பிரித்து, அதன் பெரிய கனெக்டரில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் காகித கிளிப்பால் இணைத்து, மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடாமலும் குறையாமலும் வருகிறதா என்று மீட்டரில் பார்ப்பார். அதன்பின் மதர்போர்டைப் பெட்டியிலிருந்தே கழற்றி மரமேசையில் கிடத்துவார். பெட்டியின் அடியில் வேண்டாத இடத்தில் ஒரு பித்தளைக் கால் நின்று போர்டின் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே நோய் வரும் என்பது அதற்குக் காரணம். போர்டின் மேல் பிராஸசரும் அதன் விசிறியும் ஒரு சிறிய ஸ்பீக்கரும் மட்டும் மிஞ்சும். மெமரிகூட இராது. விசைக்குரிய இரண்டு ஊசிகளைத் திருப்புளியின் நுனியால் தொட்டு யந்திரத்தை எழுப்புவார்.

மெமரி இல்லாத போர்டு ஸ்பீக்கரின் வழியே ஓலமிட்டால் அவர் முகம் மலரும். அந்த ஓலத்துக்குள்ளே அத்தனை சேதி இருக்கிறது: பவர் சப்ளை பிழையில்லை, பிராஸசர் உயிரோடிருக்கிறது, பயாஸ் படிக்கப்படுகிறது, மெமரியைத் தேடி அது இல்லையென்று கண்டுகொள்ளும் வரையில் யந்திரம் ஏறி வந்துவிட்டது. ஓலமே இல்லையென்றால் குற்றம் அதற்கும் கீழே. பிறகு ஒரு மெமரியைச் செருகுவார். அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிப்பானால் துடைத்துவிட்டே செருகுவார். ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் இவ்வூரில், எழாத யந்திரங்களில் பலவற்றுக்கு அந்த அழிப்பானே போதிய மருந்தாயிருந்தது. அடுத்து டிஸ்ப்ளே கார்டு. அவார்டு கம்பெனியின் பயாஸாயின், ஒரு நீண்ட கூவலும் இரண்டு குறுங்கூவலும் வந்தால் கார்டில் கோளாறு. இப்படி ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போகையில் எந்தப் பொருளைச் சேர்த்ததும் யந்திரம் வாயடைத்துப் போகிறதோ, அதுவே குற்றவாளி. "ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும் தம்பி. ரெண்ட மாத்துனா, எது செஞ்சுச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது."

இந்த முறையின் மகிமையை 1999 ஏப்ரல் 26 திங்கட்கிழமையன்று கண்டேன். தைவானில் பிறந்த சிஐஎச் என்னும் வைரஸ் அன்று உலகெங்கும் விழித்துக்கொண்டது. ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியைச் சூன்யத்தால் நிரப்பியதோடு நில்லாமல், அதற்கு இடங்கொடுத்த போர்டுகளில் பயாஸ் சிப்பில் எழுதியிருந்ததையும் அழித்துவிட்டது. மென்பொருளானது இரும்பைப் பழுதாக்கும் என்று அதுவரையில் எங்களில் யாரும் நம்பியதில்லை. மறுநாள் அண்ணனுடைய மேசையைச் சுற்றிலும் பெட்டிகள். எல்லாவற்றிலும் விசிறி சுழன்றது, எதிலும் கூவல் இல்லை. ஸ்குவேரில் சிலர் "ரோசாக் (கெட்டுப்போச்சு) லா, போர்டு புதுசு போடு" என்று சொல்லி அனுப்பியவை அவை. மெமரியைக் கழற்றியும் ஓலம் வரவில்லை, பிராஸசரை வேறு போர்டில் வைத்தால் ஓடுகிறது, பவர் சப்ளை சுத்தம். ஆகவே மிஞ்சியது முதல் கட்டளை இருக்கும் சிப் ஒன்றுதான் என்று அனுமானித்தார்.

அதற்கு அவர் செய்த பரிகாரம் இன்றைக்கும் என் கண்முன் நிற்கிறது. அதே மாதிரியான நல்ல போர்டு ஒன்றை எடுத்து, ஃபிளாப்பியிலிருந்து டாஸில் எழுப்பினார். எழுந்தபின் பயாஸின் பிரதி மெமரியில் ஏறிவிடுவதால், ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்துக்குச் சிப் தேவையில்லை. முன்கூட்டியே சிப்பின் அடியில் செலுத்தி வைத்திருந்த நூலின் இரு முனைகளையும் விரல்களில் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நேர்மேலாகத் தூக்கினார். சிப் கழன்றது, யந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது. அந்த இடத்தில் செத்த சிப்பைத் திசை பார்த்து அழுத்திவைத்து, எழுதும் புரோகிராமை ஓட்டினார். திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைந்து முடிந்ததும் அதைக் கழற்றி அதன் சொந்தப் போர்டில் பொருத்தி, ஊசிகளைத் தொட்டார். மெமரி இல்லையே என்று அது அலறியது. பக்கத்திலிருந்த மலாய்க்கார வாடிக்கையாளர் கைதட்டியே விட்டார்.

சில ஆண்டுகளுக்குப் பின் எங்கள் அச்சகத்து யந்திரத்துக்கே வந்த வியாதி வேறு விதமானது. முதலில் காலையில் ஒரு தட்டில் எழாமல் மூன்றாவது தட்டில் எழுந்தது, பிறகு ஐந்தாவது தட்டில், கடைசியில் எழவேயில்லை. "புதுசா ஒண்ணு வாங்கிரலாமாப்பா?" என்று முதலாளி அரை மனத்தோடு கேட்டார். எல்லாவற்றையும் கழற்றி மீட்டரால் சோதித்தேன். பிராஸசருக்குப் போகும் மின்னழுத்தம் உட்பட யாவும் புத்தகத்தில் சொன்னபடியே இருந்தன. டவருக்குக் கொண்டுபோனேன். அண்ணன் மீட்டரைத் தொடவேயில்லை. மேசைவிளக்கைச் சாய்த்து ஒளி பக்கவாட்டில் விழச்செய்து, பிராஸசரைச் சுற்றி வரிசையாக நின்ற கபாஸிட்டர்களின் தலைமேல் நகத்தை ஓட்டினார். நல்லவற்றின் தலை தட்டையாக இருந்தது. சிலவற்றின் தலையோ எண்ணெயில் இட்ட அப்பளம் போல் மேடிட்டு, மேலே கீறியிருந்த குறுக்குக்கோடு விரிந்து, பழுப்பு நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

மீட்டர் எப்படி ஏமாற்றியது என்பதை அவர் அப்போது விளக்கினார். பவர் சப்ளையின் 5 வோல்ட்டையோ 12 வோல்ட்டையோ பிராஸசருக்கு வேண்டிய ஒன்றரை வோல்ட் சுமாருக்கு இறக்கும் சுற்று, மின்சாரத்தைத் துண்டு துண்டாக நறுக்கியே இறக்குகிறது; அந்தத் துண்டுகளை நிரவி ஒரே சீராக ஆக்குவது கபாஸிட்டர்களின் கடமை. அவை கெட்டுப்போனால் அழுத்தம் ஏறியிறங்கித் துடிக்கும். மீட்டரோ சராசரியைக் காட்டி நிற்கும். பிராஸசர் அந்தத் துடிப்பைத் தாங்கமாட்டாமல் முதல் கட்டளையிலேயே தடுமாறும். இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. 1999 முதல் 2007 வரையில் உலகெங்கும் பல கம்பெனிகளின் போர்டுகளைத் தாக்கிய கொள்ளைநோய் அது. உள்ளே ஊற்றிய எலக்ட்ரோலைட்டில் நீர் கலந்திருந்து, அலுமினியத்தை அரிக்காமல் காக்க வேண்டிய ரசாயனம் சரிவர இல்லாமற்போனதால், ஹைட்ரஜன் வாயு உண்டாகித் தலையை உப்பவைத்தது. உஷ்ணம் மிகுந்தால் இந்த வினை விரையும். இரவில் ஏர்கான் அணைந்து, பகலெல்லாம் பிரிண்டர்களோடு கொதித்துக்கொண்டிருந்த எங்கள் அறை அதற்குத் தக்க இடமாக வாய்த்திருந்தது.

கீழே கடையிலிருந்து 1500 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட், 105 டிகிரி என்று பொறித்த கபாஸிட்டர்களை வாங்கி வந்தேன்; கடைக்கார அங்கிள் ஒவ்வொன்றின் காலையும் இழுத்துப் பார்த்தே கொடுத்தார். பல அடுக்குச் செம்பு கொண்ட மதர்போர்டு சூட்டை உறிஞ்சிக்கொண்டு ஈயத்தை எளிதில் இளகவிடாது. அண்ணன் ஒரு காலைச் சூடாக்கி ஒருபுறம் சாய்த்து, மறுகாலைச் சூடாக்கி மறுபுறம் சாய்த்து, ஆடும் பல்லைப் பிடுங்குவதற்கு வேண்டிய நிதானத்தோடு ஒவ்வொன்றையும் உருவினார். துவாரத்தைச் சுத்தம் செய்து, கபாஸிட்டரின் பட்டைக்கோடு போர்டில் எதிர்மறைப் பக்கத்தைக் குறிக்கும் நிழலிட்ட அரைவட்டத்தின் மேல் வருமாறு புதியவற்றை நிறுத்தி ஈயம் வைத்தார். திசை மாறினால் வெடித்துவிடும் என்பதால் பற்றவைக்குமுன் என்னையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். மெமரியும் கார்டும் செருகி ஊசிகளைத் தொட்டதும் ஒரே ஒரு குறுங்கூவல். எல்லாம் க்ஷேமம் என்பதற்கு யந்திரம் சொல்லும் வார்த்தை அதுதான். அடுத்த முகூர்த்தத்துக்கான பத்திரிகைகள் குறித்த நாளில் அச்சேறின.

இவற்றையெல்லாம் நான் எழுதுவது பழம்பெருமை பேசுவதற்கன்று. பழுது பார்த்தல் கீழான தொழில் என்றும், தூக்கி எறிந்து புதிது வாங்குவதே நாகரிகம் என்றும் ஒரு மனப்பான்மை நம்மிடையே வேரூன்றிவிட்டது. சவுண்ட் பிளாஸ்டர் கார்டால் உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் குரல் கொடுத்த சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜி, 1981 இல் சைனாடவுனின் பெர்ல்ஸ் சென்டரில் சிம் வோங் ஹூ தொடங்கிய கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையிலிருந்தே வளர்ந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. பிறர் செய்ததைத் திறந்து, ஏன் ஓடவில்லை என்று பார்த்தவனே, எப்படிச் செய்வது என்றும் அறிந்துகொண்டான். சுங்கை ரோட்டுச் சந்தையோ 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்டது. அண்ணனும் அதற்கு முன்பே ஊருக்குத் திரும்பிவிட்டார்.

போர்டுகள் இன்று மாறியிருக்கின்றன. கூவலுக்குப் பதிலாகப் பிராஸசர், மெமரி, டிஸ்ப்ளே, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் பல போர்டுகளின் ஓரத்தில் எரிகின்றன. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேட வேண்டும். சில போர்டுகளில் பயாஸைப் பிராஸசரின் தயவின்றியே யுஎஸ்பி வழியாக எழுதிவிடலாம். நூல் கட்டிச் சிப்பைப் பிடுங்கும் சாகசத்துக்கு வேலையில்லை. புதிய டிடிஆர்5 மெமரியைப் பொருத்தியவுடன், அதைப் பழக்கிக்கொள்வதற்குப் போர்டு சில நிமிஷங்கள் எடுத்துக்கொள்ளும். அந்தச் சில நிமிஷங்கள் பொறுக்காமல், செத்துவிட்டதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். உறுப்புகள் மாறினாலும் எழும் கிரமம் மாறவில்லை. கழித்துப் பார்க்கும் தர்க்கமும் மாறவில்லை.

இச்சிறிய தீவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்கிறது; 2021 ஜூலை முதல் அதைச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் சட்டம் சுமத்தியிருக்கிறது. சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். 2014 முதல் இங்கே நடந்துவரும் ரிப்பேர் கோப்பித்தியாமைப் போன்ற இடங்களில், வீட்டுச் சாமான்களைத் திறந்து பழுது பார்க்கத் தொண்டர்கள் கற்றுக்கொடுக்கிறார்கள். பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். அடுத்த முறை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எழாமற்போனால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தேவையற்ற யாவையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். அவசரப்பட்டு இரண்டை ஒருசேர மாற்றாதீர்கள். அதற்கும் எழவில்லையென்றால் அப்புறம் கழிவுத் தொட்டியைத் தேடலாம்.